கடையில் விற்காத கருவிகள்

கையும் கருவியும் – 17

மாட்டுக் கொம்பில் வேலை செய்ய வேண்டிய கருவிகளில் பாதியைப் பழைய இரும்புக் கடையிலேயே பொறுக்கிவிடலாம். மீதியை அவற்றைக் கொண்டே செய்துகொள்ளலாம்.

1757 ஆகஸ்டில், வட அமெரிக்காவின் லேக் ஜார்ஜ் ஏரிக்கரையில் இருந்த வில்லியம் ஹென்றி கோட்டை பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்தது. அன்று பிடிபட்டவர்களில் ஜான் புஷ் என்ற சிப்பாயும் ஒருவர். மாசசூசெட்ஸ் பகுதியின் ஷ்ரூஸ்பரி ஊர்க்காரர். அடிமையாக இல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்த கறுப்பினத்தவர். அவர் ஊர் திரும்பவே இல்லை. ஆனால் அவர் செதுக்கிய மாட்டுக் கொம்புகள் சில இன்றுவரை பத்திரமாக இருக்கின்றன. உடையவரின் பெயர், ஆண்டு, முகாமிட்ட இடம் எல்லாம் கொடிபோல் சுருண்டோடும் எழுத்தில் பொறிக்கப்பட்ட கொம்புகள். அவருக்குப் பின் அதே பாணியில் பலர் செதுக்கினார்கள். லேக் ஜார்ஜ் மரபு என்று ஆய்வாளர்கள் தனியாகப் பெயர் சொல்லும் அளவுக்கு அது வளர்ந்தது.

அவை கரிமருந்து வைக்கும் கொம்புகள். துப்பாக்கியின் வாய்வழியே கரிமருந்தையும் குண்டையும் போட்டு இடித்துச் சுட்ட காலம் அது. பிரிட்டிஷ் அரசுப் படையினருக்குக் காகிதத்தில் சுற்றிய தோட்டாக்கள் கிடைத்தன. குடியேற்ற ஊர்களிலிருந்து வந்த விவசாயிகளும் தொழிலாளிகளும் தங்கள் வீட்டுக் கொம்பைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார்கள். கொம்பு கனமில்லை, மழையில் நனைந்தாலும் உள்ளே ஈரம் இறங்காது, துருப்பிடிக்காது, உரசினால் பொறி பறக்காது. கரிமருந்துக்கு இதைவிட நல்ல பாத்திரம் அன்று கிடையாது.

முகாமில் சண்டை இல்லாத நாட்கள்தான் அதிகம். அந்த நாட்களில் கொம்பின் மேல் வரைபடமே வரைந்தார்கள். ஹட்சன் ஆறு, மொஹாக் ஆறு, ஆல்பனி நகரம், வழியில் உள்ள கோட்டைகள் என்று ஒரு போர்முனை முழுவதையும் ஒரு கொம்பில் அடக்கியவர்கள் உண்டு. பிற்காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் கனஜோஹாரி ஊரில் ஓவிய ஆசிரியராக இருந்த ரூஃபஸ் கிரைடர் வீடு வீடாகத் தேடிப் போய் இப்படிப்பட்ட கொம்புகளை நூற்றுக்கணக்கில் வண்ண ஓவியமாக வரைந்து வைத்தார். உருண்ட பரப்பில் இருந்ததைத் தட்டையாக விரித்து அவர் வரைந்திருப்பதால், ஒவ்வொரு கோட்டையும் நாம் நிதானமாகப் படிக்க முடிகிறது.

அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது கருவிகளைப் பற்றித்தான் யோசிக்கத் தோன்றுகிறது. கூடாரத்தில் படுத்து, பீப்பாய் மேல் தட்டு வைத்துச் சாப்பிட்ட சிப்பாயிடம் என்ன பட்டறை இருந்திருக்கும்? ஒரு மடக்குக் கத்தி, ஒரு ஊசி, படையோடு வந்த துப்பாக்கிக் கொல்லரிடம் இரவல் வாங்கிய ஒரு அரம். இவ்வளவுதான் இருந்திருக்க முடியும். நான் இந்த வாரம் சொல்ல வருவது அதைத்தான். ஒரு கருவிக்கு வேண்டியவை இரண்டே: வேலைக்கு ஏற்ற விளிம்பு, கைக்கு ஏற்ற பிடி. இவை இரண்டும் அமைந்துவிட்டால் மற்றதெல்லாம் வசதி. கொம்பு வேலையில் இது மற்ற எந்தத் தொழிலையும்விடத் தெளிவாகத் தெரியும்.

பொருளை அறிந்தால் கருவி தெரியும்

மாட்டுக் கொம்பு நம் நகத்தின் இனம். இரண்டும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. உள்ளே எலும்புத் தண்டு, அதன் மேல் உறை மாதிரி கொம்பு. மான் கொம்பு அப்படியில்லை. அது முழுக்க எலும்பு, ஆண்டுதோறும் உதிர்ந்து முளைப்பது. நம் நாட்டில் மான் கொம்பை வைத்திருப்பதே 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் பேசுவதெல்லாம் வளர்ப்பு மாட்டின் கொம்பைப் பற்றியே.

கொம்பின் அடி அகன்று உள்ளீடற்று இருக்கும். நுனி கெட்டியாக இருக்கும். இடைப்பட்ட சுவர், அடியிலிருந்து நுனி நோக்கி மெல்லத் தடிமன் கூடிக்கொண்டே போகும். அடுக்கடுக்காக வளர்ந்த பொருள் என்பதால் முரட்டுத்தனமாகக் கையாண்டால் அடுக்கு பிரியும். மரத்தைவிட நெருக்கம், இரும்பைவிட வெகு மென்மை. எனவே மரவேலைக் கருவியும் இதில் ஓடும், இரும்பு வேலைக் கருவியும் ஓடும். இரண்டு பட்டறையிலும் தேய்ந்து கழித்துப் போட்டவையும் ஓடும். மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் கொம்பு சீவியவர்களுக்கு இது புதிதில்லை. கத்தியைச் சாய்த்துப் பிடித்தால் கொம்பு வெட்டுப்படும், நிமிர்த்திப் பிடித்து இழுத்தால் இழைபடும்.

இன்னொரு குணம் எல்லாவற்றையும்விடப் பெரிது. சூடு பட்டால் கொம்பு இளகும். இளகிய நிலையில் என்ன உருவம் கொடுக்கிறோமோ, ஆறியபின் அதையே பிடித்துக்கொள்ளும். ஆகவே அடுப்பும் தண்ணீரும் இந்தத் தொழிலில் கருவிப் பட்டியலிலேயே சேர வேண்டியவை.

சுரண்டி: ஒரு பழைய ரம்பத் தகடு

கொம்பின் வெளிப்புறம் கரடுமுரடாக, செதில் படிந்து இருக்கும். அதை நீக்கிச் சுவரைச் சீராக மெலிதாக்குவதுதான் வேலையில் பெரும்பகுதி. முரட்டு அரத்தால் ராவி மேல் தோலை எடுத்த பிறகு முழுப் பொறுப்பும் சுரண்டியின் மேல் விழுகிறது. கொம்புக்கென்று செய்த சுரண்டி கடையில் கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் அந்த வளைவு நம் கொம்பின் வளைவுக்குப் பொருந்தாது. ஆகவே இதைச் செய்துகொள்வதே முறை.

பல் போன கைரம்பத்தின் தகடு இதற்கு மிகப் பொருத்தம். உள்ளங்கை அளவு ஒரு துண்டை வெட்டி எடுங்கள். தகடு கிடைக்காவிட்டால் உடைந்த ஆக்ஸா பிளேடும் போதும். பிளேடை வைஸில் கடித்து ஒடிக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கெட்டியான பிளேடு சில்லுச் சில்லாகத் தெறிக்கும்.

வெட்டிய விளிம்பை அரத்தால் ராவி நேராக்க வேண்டும். கோணம் சரியாகச் செங்குத்தாக, 90 டிகிரியாக இருக்க வேண்டும். பிறகு எண்ணெய்க் கல்லில் அதே விளிம்பையும் இரண்டு பக்கங்களையும் தேய்த்து அரத்தின் கீறல்களைப் போக்குங்கள். இனிதான் உயிரான வேலை. ஒரு நல்ல ஸ்க்ரூ டிரைவரின் உருண்ட தண்டை எடுத்து, அந்த விளிம்பின் மேல் சற்றே சாய்த்து அழுத்தி ஓரிரு முறை இழுங்கள். விளிம்பு நசுங்கி வெளிப்பக்கமாக ஒரு பிசிறு மடங்கும். கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனியைத் தகட்டின் பக்கவாட்டிலிருந்து விளிம்பு நோக்கி மெல்லத் தடவினால் ஏதோ பிடித்து இழுப்பது தெரியும். அந்தப் பிசிறுதான் வெட்டுகிறது.

தகட்டை இரு கையாலும் பிடித்து, கட்டைவிரல்களால் நடுவில் லேசாக அழுத்தி வளைத்து, வேலை செய்யும் திசைப்பக்கம் சாய்த்துத் தள்ளுங்கள். சுரண்டி சரியாக அமைந்திருந்தால் வெங்காயச் சருகு போல ஒளி ஊடுருவும் சீவல் சுருண்டு வரும். சீவலுக்குப் பதிலாகத் தூள் வந்தால் பிசிறு மழுங்கிவிட்டது என்று பொருள். மறுபடி தண்டால் தேய்த்துப் பிசிறு எழுப்ப வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் அரத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு திசையில் சீவும்போது கொம்பின் அடுக்கு தூக்கிக்கொண்டு வந்தால் உடனே நிறுத்தி எதிர்த்திசையில் சீவுங்கள்.

கழுத்துப் பகுதியின் குழிவுக்கு நேர் விளிம்பு உதவாது. அதே தகட்டின் ஒரு மூலையைப் பெரிய வளைவாகவும் மற்றொரு மூலையைச் சிறிய வளைவாகவும் ராவிக்கொண்டால் ஒரே சுரண்டி நான்கு வேலை செய்யும். அவசரத்துக்கு உடைந்த ஜன்னல் கண்ணாடித் துண்டும் அருமையாகச் சீவும். பழைய தொழிலாளிகள் கண்ணாடியைத் தாராளமாகப் பயன்படுத்தினார்கள். பிடிக்கும் பக்கம் தடித்த தோல் சுற்றிக்கொள்வது கட்டாயம்.

எவ்வளவு சீவுவது? கொம்பை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பதுதான் அளவுகோல். வெளிர் நிறக் கொம்பு மெலிய மெலியத் தேன் நிறத்தில் ஒளிரத் தொடங்கும். தடித்த இடம் கருத்துத் தெரியும். அந்தக் கருப்பைத் தேடித் தேடிச் சீவினால் சுவர் முழுதும் ஒரே சீராக வந்துவிடும். 2 முதல் 3 மில்லிமீட்டர் தடிமன் போதும். நன்றாகச் சீவிய கொம்பில் உள்ளே மருந்து எந்த மட்டத்தில் இருக்கிறது என்பது வெளியிலிருந்தே தெரியும்.

ஒரு கம்பியும் ஒரு போல்ட்டும்

கொம்பின் நுனியில் துளை போட்டு உள்ளீட்டோடு சேர்க்க வேண்டும். மருந்து அதன் வழியேதான் வெளியே வரும். உள்ளே குழி எங்கே முடிகிறது என்பது வெளியே தெரியாது. அதற்கு ஒரு விறைப்பான கம்பி போதும். அடிவழியே கம்பியை முட்டும்வரை செருகி, கொம்பின் விளிம்பு தொடும் இடத்தில் கம்பியில் அடையாளம் வையுங்கள். அதே கம்பியை வெளிப்புற வளைவோடு ஒட்டிவைத்தால் குழி முடியும் இடம் தெரிந்துவிடும். அதற்கு அப்பால் இரண்டு விரல் அளவு கெட்டிப் பகுதியை விட்டு நுனியை அறுத்துவிட்டு, குழியின் முனையைக் குறிவைத்துத் துளையிட வேண்டும்.

துளைக்கும் அலகும் வீட்டிலேயே உண்டு. நீளமான ஆணியின் முனையைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, மண்வெட்டி முனை போன்ற வடிவில் ராவி, இரு பக்க விளிம்பையும் எதிரெதிர்ச் சரிவில் கூராக்குங்கள். தலைப்பகுதியை ஒரு குறுக்குக் கட்டையில் இறுக்கினால் கைத்திருகி தயார். ஆணி இரும்பு மென்மையானதுதான். கொம்பு அதைவிட மெத்து. மழுங்கினால் நான்கு இழுப்பில் மறுபடி கூராகிவிடும். அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுவது முக்கியம். உராய்வுச் சூட்டில் கொம்பு இளகி அலகைக் கவ்விக்கொள்ளும். கொம்பின் அடியை மூடும் மரத்தக்கையைப் பூட்டும் சின்ன முளைகளுக்குத் துளையிட, சைக்கிள் சக்கரக் கம்பியை இதே முறையில் தட்டி ராவினால் இன்னும் உறுதியான அலகு கிடைக்கும்.

பென்சில்வேனியாவில் 18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இன்னொரு வகை பெயர்பெற்றது. நுனியில் தனியாகச் செய்த கொம்புத் துண்டு, மரைபோட்டுத் திருகிக் கழற்றும்படி அமைந்திருக்கும். கடைசல் தெரிந்த தொழில்முறைக் கைவினைஞர்கள் செய்தவை அவை. இன்று இதைச் செய்ய நினைப்பவர் மரை வெட்டும் டேப்பும் டையும் வாங்கப் போனால், மொத்தக் கருவிச் செலவில் பெரிய பங்கு அதிலேயே போய்விடும். அதற்கு ஒரு சாதாரண போல்ட்டும் நட்டும் ஈடுகொடுக்கும்.

10 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை எடுத்து முனையிலிருந்து நான்கைந்து மரைகளைக் கூம்பாக ராவுங்கள். பிறகு முக்கோண அரத்தால் நீளவாட்டில் மூன்று வாய்க்கால் வெட்டுங்கள். ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒரு பக்கச் சுவர் செங்குத்தாக நிற்க வேண்டும். சுற்றும்போது முன்னேறிச் செல்லும் அந்தச் சுவரில்தான் மரையின் பற்கள் கூர்மையாக வெளிப்பட்டு வெட்டும். வாய்க்காலின் வேலை, வெட்டிய தூளை வாங்கி வைத்துக்கொள்வது. கொம்பில் எட்டரை மில்லிமீட்டர் துளை போட்டு, போல்ட்டில் மெழுகு தேய்த்து, அரைச் சுற்று உள்ளே, கால் சுற்றுப் பின்னே என்று மெல்லத் திருகுங்கள். பின்னே திருப்புவது தூளை ஒடித்து விடுவதற்காக. வெளிமரைக்கு நட்டு. அதன் உட்சுவரில் ஆக்ஸா பிளேடால் மூன்று இடத்தில் வெட்டுக் கொடுத்தால் அதுவே டை. 10 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக உருட்டி ராவிய கொம்புத் தண்டின் மேல் இதைத் திருகினால் மரை விழும்.

இரும்பில் இந்த டேப் ஒரு சுற்றுக்கூடப் போகாது. கொம்பில் பல மரைகள் வெட்டிய பிறகும் நன்றாகவே இருக்கும். எந்தப் பொருளை வெட்டப் போகிறோம் என்பதைப் பொறுத்தே கருவியின் தரத்தை எடைபோட வேண்டும்.

சூடு செய்யும் வேலை

கொம்பின் அடி இயல்பாக நீள்வட்டமாக இருக்கும். அதை வட்டமாக்கினால்தான் மரத்தக்கை கச்சிதமாக உட்காரும். அதற்கு வேண்டியது கூம்பாகச் செதுக்கிய ஒரு மரக்கட்டை. கொதிக்கும் நீரில் கொம்பின் அடியை இளகும்வரை வைத்திருந்து, வெளியே எடுத்த கையோடு கூம்பைத் தட்டி இறக்கிப் பச்சைத் தண்ணீரில் ஆறவிட்டால், வட்டம் நிலைத்துவிடும். பிறகு பைன் மரத்தக்கையை உள்ளே பொருத்தி, மர முளைகளால் பூட்டி, இடுக்கில் தேன்மெழுகை உருக்கி விட்டால் காற்றும் புகாது.

தக்கையைப் பொருத்த ஒரு செலவில்லாத உத்தி உண்டு. மெழுகுவத்திச் சுடரில் பிடித்துக் கொம்பின் உள்விளிம்பில் கரி படியச் செய்யாமல், விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து விரலால் பூசிவிடுங்கள். தக்கையை உள்ளே அழுத்தி எடுத்தால் இடிக்கும் இடத்தில் மட்டும் கரி ஒட்டியிருக்கும். அந்த இடத்தை மட்டும் சீவுங்கள்.

தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் சூடாகாது. தடித்த கொம்பை வளைக்க அதைவிட அதிகச் சூடு தேவைப்படும்போது, பழைய தொழிலாளிகள் கொழுப்பை உருக்கி அதில் அமிழ்த்தினார்கள். இன்று எண்ணெயில் செய்கிறவர்கள் 160, 170 டிகிரி அளவில் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போனால் கொம்பு கருகி, கொப்பளித்து, ஆறியபின் மொறமொறவென்று உடையும். ஈரக் கொம்பைச் சூடான எண்ணெயில் இறக்கினால் எண்ணெய் வெடித்துத் தெறிக்கும். கொம்பை நன்றாகத் துடைத்து உலர்த்தி, வீட்டுக்கு வெளியே, குழந்தைகள் இல்லாத இடத்தில்தான் இதைச் செய்ய வேண்டும்.

தட்டையான துண்டு தேவைப்பட்டால் கொம்பை நீளவாட்டில் பிளந்து, சூடாக்கி விரித்து, இரண்டு இரும்புத் தகடுகளுக்கு நடுவே இறுக்க வேண்டும். லண்டனில் இதையே பெரிய அளவில் செய்து, விளக்குக் கூண்டுகளுக்குக் கண்ணாடிக்குப் பதிலாக மெல்லிய கொம்புத் தகடுகள் தயாரித்தார்கள். அந்த நகரத்துக் கொம்புத் தொழிலாளர் சங்கத்தைப் பற்றி 1284-லேயே குறிப்பு கிடைக்கிறது. 1638-ல் அரச சாசனமும் பெற்றது. அவர்களுடைய பெரிய அழுத்துப்பொறிக்குப் பதிலாக நமக்கு இரண்டு பட்டை இரும்பும் நான்கு மூலையில் நான்கு போல்ட்டும் போதும்.

சீப்புக்காரரின் இரட்டை ரம்பம்

கொம்புத் தட்டையிலிருந்து அதிகம் செய்த பொருள் சீப்பு. சீப்பில் சிரமம் பல் வெட்டுவதில் இல்லை, பற்களுக்கு நடுவே இடைவெளி ஒரே மாதிரி அமைவதில் இருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் அளவுகோல் வைத்துக் கோடு போட்டால் பிழைப்பு நடக்காது. இதற்கு இங்கிலாந்துச் சீப்புத் தொழிலாளிகள் கண்டுபிடித்த கருவி ஸ்டாடா. ஒரே கட்டையில் பக்கம் பக்கமாக இரண்டு ரம்பத் தகடுகள், நடுவே ஒரு பல்லின் தடிமனுக்கு ஏற்ற இடைத்தகடு. ஒரு ரம்பம் சற்று நீட்டிக்கொண்டிருக்கும், மற்றது சற்று உள்ளடங்கியிருக்கும். நீண்டது முழு ஆழம் வெட்டும்போதே குட்டையானது அடுத்த வெட்டுக்கான தடத்தைப் போட்டுவிடும். அடுத்த முறை நீண்ட ரம்பத்தை அந்தத் தடத்தில் இறக்கினால் போதும். ஒவ்வொரு வெட்டும் தனக்கு அடுத்த வெட்டை அளந்து வைத்துக்கொண்டே போகிறது. அளவுகோலையே ரம்பத்துக்குள் வைத்துவிட்ட அந்த மூளையை நினைத்து நான் இன்றும் வியக்கிறேன்.

இதைச் செய்ய இரண்டு ஆக்ஸா பிளேடு, நடுவே ஒரு தகரத் துண்டு, இரண்டு சின்ன போல்ட் போதும். ஒரு பிளேடை மற்றதைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் மேலே ஏற்றி, மரப்பிடியின் வெட்டில் செருகி இறுக்கினால் ஸ்டாடா வந்துவிட்டது. தகரத்தின் தடிமனை மாற்றினால் சீப்பின் நெருக்கம் மாறும்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் வேர்பிடித்த கதையிலும் கருவிதான் நாயகன். மாசசூசெட்ஸின் நியூபரியில் ஈனக் நோய்ஸ் என்பவர் 1759 வாக்கில் கொம்பில் பொத்தானும் முரட்டுச் சீப்பும் செய்யத் தொடங்கினார். யாரிடமும் போய்க் கற்றுக்கொண்டவர் இல்லை. பிறகு சுதந்திரப் போரின்போது, பிரிட்டிஷ் தளபதி பர்கோயினின் படையிலிருந்து விலகிய ஒரு சிப்பாய் அந்த ஊருக்கு வந்து சேர்ந்தார். அவர் முறையாகப் பழகிய சீப்புத் தொழிலாளி. நோய்ஸ் அவரை வேலைக்குச் சேர்த்துக்கொண்ட பிறகு சீப்பின் தரம் உயர்ந்தது என்று ஊர் வரலாறு சொல்கிறது. ஒருவர் கையில் துணிவு இருந்தது, மற்றவர் கையில் மரபு இருந்தது. தொழில் வளர இரண்டும் தேவைப்பட்டன.

அதே மாநிலத்தின் லெமின்ஸ்டர் நகரில் 1770 வாக்கில் சீப்புத் தொழில் தொடங்கியது. 19-ம் நூற்றாண்டில் அது நாடறிந்த சீப்பு நகரமானது. கொம்புக்குப் பதில் செல்லுலாய்டு வந்ததும் அந்தப் பட்டறைகள் அதற்கு மாறின, பிறகு பிளாஸ்டிக்குக்கு மாறின. லண்டன் சங்கமும் 1943-ல் பிளாஸ்டிக்கைத் தன் தொழிலின் வாரிசாக ஏற்றுக்கொண்டது. சூட்டில் இளகி, ஆறினால் உருவம் பிடிக்கும் இயற்கைப் பொருளில் பழகிய கைகளுக்கு, அதே குணமுள்ள செயற்கைப் பொருள் அந்நியமாக இல்லை. ஆனால் அந்த மாற்றத்தில் ஸ்டாடா போன்ற கருவிகள் உலையிலும் குப்பையிலும் மறைந்துபோயின. இன்று கொம்பு வேலையைக் கையில் எடுப்பவர்கள் கருவியைச் செய்துகொள்வதற்குச் சிக்கனம் மட்டும் காரணமில்லை. வாங்க நினைத்தாலும் விற்க ஆளில்லை.

தேய்ந்த அரத்தின் இரண்டாம் பிறவி

பல் தேய்ந்த அரத்தை வீசிவிடாதீர்கள். அது உயர் கரிம எஃகு, கத்தி செய்யத்தக்க உலோகம். கரி அடுப்பில் செக்கச் சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிட்டால் ராவும் அளவுக்கு மெத்தாகும். வேண்டிய வடிவில் சுரண்டியாகவோ, செதுக்குக் கத்தியாகவோ ராவிக்கொள்ளுங்கள். பிறகு மறுபடி காய்ச்ச வேண்டும். எந்தச் சூட்டில் தோய்ப்பது என்று கண்ணால் கணிக்கப் பழகாதவர்களுக்கு ஒரு காந்தம் வழிகாட்டும். ஏறத்தாழ 770 டிகிரியில் இரும்பு காந்தத்தோடு ஒட்டாது. ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே போனதும் எண்ணெயில் தோயுங்கள். இப்போது அது கண்ணாடி மாதிரி கடினமாக, உடையும் பதத்தில் இருக்கும். மேற்பரப்பைத் தேய்த்துப் பளிச்சென்று ஆக்கி, அடுப்பில் மெல்லச் சூடேற்றி, வைக்கோல் நிறம் படரும்போது எடுத்துவிட்டால் வேலைக்கு ஏற்ற பதம்.

முழு அரத்தையே காய்ச்சாமல் சாணைக்கல்லில் பிடித்து வடிவமைப்பதும் உண்டு. அப்போது நொடிக்கொருமுறை தண்ணீரில் நனைக்க வேண்டும். விளிம்பில் நீல நிறம் ஓடிவிட்டால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது.

கோடும் மினுமினுப்பும்

செதுக்க ஒரு கோணி ஊசி போதும். முனையைக் கல்லில் தேய்த்து முக்கோணமாக்கி, விரல் தடிமன் மரப்பிடியில் துளையிட்டுச் செருகி ஒட்டிவிடுங்கள். பிடி உள்ளங்கைக்குள் அடங்க வேண்டும், நீளமாக இருந்தால் ஊசி வழுக்கும். அகலமான கோட்டுக்குக் கத்தி முனையால் இடமிருந்து ஒரு சரிவு, வலமிருந்து ஒரு சரிவு. நடுவில் இழை பெயர்ந்து வரும். வட்டத்துக்கு ஒரு குச்சியில் இரண்டு ஆணி. உருண்டையான கொம்பு நழுவாமல் இருக்க, தைத்த துணிப்பையில் மணல் நிரப்பி அதன் மேல் அமிழ்த்திக்கொள்ளுங்கள். செதுக்கும்போது ஊசியைப் பிடித்த கை அசையாமல் இருந்து, கொம்பைப் பிடித்த கை அதைத் திருப்பினால் வளைவு குழையாமல் வரும்.

செதுக்குவதற்கு முன்பே மெருகு முடிந்திருக்க வேண்டும். மையாகப் பூசும் விளக்குக் கரியும் எண்ணெயும் கோட்டில் மட்டும் இறங்க வேண்டும். பரப்பில் கீறல் மிச்சமிருந்தால் அதிலும் கரி புகுந்து படமே அழுக்காகத் தெரியும். மெருகுக்கு 220, 400, 600 என்று படிப்படியாக நைசான உப்புத்தாள். அது இல்லாத காலத்தில் குதிரைவால் என்ற செடியின் தண்டால் தேய்த்தார்கள். அதன் தோலில் மணலின் சத்தான சிலிக்கா இருக்கிறது. கடைசியாகச் சலித்த சாம்பலை ஈரத் துணியில் தொட்டுத் தேய்த்து, உள்ளங்கையால் அழுத்தி உருட்டினால் வரும் மினுமினுப்பை எந்த வார்னிஷும் தராது.

எதற்குப் பணம் செலவழிப்பது

மலிவாகச் செய்யலாம் என்பதற்காக எல்லாவற்றிலும் கையைச் சுருக்கக் கூடாது. நல்ல முகக் கவசம் வாங்குங்கள். கொம்புத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. கண்ணாடி வாங்குங்கள். எண்ணெய்ச் சூடு பார்க்க ஒரு வெப்பமானி வாங்குங்கள். கூர்மையான புதிய அரம் ஒன்று கட்டாயம் வேண்டும், மற்றக் கருவிகளையெல்லாம் பெறப்போவது அதுதான். கொம்பையும் எலும்பு நீக்கி, கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ததாகப் பார்த்து வாங்குங்கள். மாட்டின் உரோமம், தோல், கொம்பு வழியாக அடைப்பான் நோய் தொழிலாளிகளுக்குத் தொற்றிய வரலாறு உண்டு. ஆகவே எங்கிருந்து வந்தது என்று தெரியாத பச்சைக் கொம்பை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம்.

இந்த நான்கைந்து பொருளைத் தவிர மற்றதெல்லாம் நம் கையாலேயே ஆகும். அப்படி ஆகும்போது கிடைக்கும் பெரிய லாபம் மிச்சமான பணம் இல்லை. வாங்கிய சுரண்டி மழுங்கினால் மோசமான சுரண்டி என்று கடைக்காரரை நோவோம். நாமே பிசிறு எழுப்பிய சுரண்டி மழுங்கினால் எங்கே மழுங்கியது, எந்தக் கோணம் தவறியது என்று நமக்குத் தெரியும். எஃகின் பதமும், கொம்பின் அடுக்கும், கையின் அழுத்தமும் ஒன்றோடொன்று எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பது அந்தத் தகட்டை ராவும்போதே புரியத் தொடங்கிவிடும். தொழிற்பயிற்சிப் பள்ளிகளில் முதல் வாரம் மாணவர் கையில் பளபளப்பான கருவிப்பெட்டியைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஒரு அரத்தையும் ஒடிந்த ரம்பத் துண்டையும் கொடுத்து, சீவல் வரும்வரை முயன்று பார் என்று சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். முதல் சீவல் சுருண்டு வரும்போது அந்த மாணவர் ஒரு கருவியை மட்டும் செய்திருக்க மாட்டார். இனிமேல் எந்தக் கருவியையும் சீர்செய்யத் தெரிந்தவராகியிருப்பார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: சாணைக்கல்லின் கதை